டிராக்டர் டியூபில் போனவள்

பதினான்கு இரவுகள் இரும்புமண் ஏற்றி
பதினைந்தாம் காலை கிளம்பினோம்,
தலைக்கவசம் அழுத்திய தடம் நெற்றியில் மறையாமலே.
டெனெல் ஓட்டினாள். பக்கத்தில் ஙைரே.
பின்னால், தண்ணீர் கேன்களுக்கும் ஐஸ்பெட்டிக்கும் நடுவே
நானும் என் பொய்யும்.
கூரைமேல் கட்டியிருந்த டிராக்டர் டியூப்
எதற்கென்று நான் கேட்கவில்லை.

பொய் ஒன்றும் பெரிதில்லை.
நீச்சல் தெரியும் என்று சொன்னதில்லை.
தெரியாது என்றும் சொன்னதில்லை.
காதில் சீழ், மாதவிலக்கு, நேற்றுப் போட்ட தையல்.
ஒன்பது வருடமாகக் கரையிலேயே உட்கார
ஒரு பெண்ணுக்கா காரணம் கிடைக்காது?

இருநூற்றிருபது டன் லாரி ஓட்டுகிறவள் நான்.
அதன் சக்கரமே இரண்டு ஆள் உயரம்.
சுரங்கக் குழியின் விளிம்புவரை பின்னோக்கி நகர்த்துவேன்,
கை நடுங்கியதில்லை.
ஆனால் வளர்ந்தது ஆட்டுப் பண்ணையில்,
ஏழு வருடம் மழை எட்டிப் பார்க்காத ஊரில்.
ஒரே தொட்டித் தண்ணீரில் நால்வர் குளித்து
மிச்சத்தை எலுமிச்சைக்கு ஊற்றுவோம்.
தண்ணீரில் யாரும் மிதந்ததில்லை அங்கே.
அளந்தோம்.

முதல் இரவு டின் பீன்ஸ், கருகிய ரொட்டி.
நட்சத்திரம் பார்த்தபடி தூங்கிப்போனோம்.
விடிவதற்குள் ஒரு டிங்கோ
ஙைரேயின் இடதுகால் பூட்ஸைத் தூக்கிப் போயிருந்தது.
வலதில் பூட்ஸ், இடதில் ரப்பர் செருப்பு,
நாள் முழுக்க அப்படியே இறங்கினாள்
அந்தச் செம்பாறைப் பிளவுக்குள்,
டிங்கோவின் ஏழு தலைமுறையையும் வைதுகொண்டு.

அடுக்குகளை எண்ணினால் பாறையின் வயது தெரியுமாம்.
இருபதை எட்டும்போது வியர்வை கண்ணில் விழுந்தது.
முள்புல் முழங்காலைக் குத்தி விட்டது.
இறங்க இறங்க
வானம் ஒரு முழமானது,
பிறகு ஒரு சாண்.
கொண்டைக்கிளிகளின் கூச்சல் மேலேயே நின்றுகொண்டது.
கீழே கசம்.
கறுப்பாய், அசையாமல்,
எங்களுக்கு முன்பே விழித்திருந்த மாதிரி.

டெனெலின் ஆட்களுடைய தண்ணீர் அது.
ஒரு வாய் அள்ளி, கொப்பளித்து, உமிழ்ந்து
அவள் மொழியில் அதனிடம் பேசினாள்.
எனக்குப் புரிந்தவை இரண்டே சொற்கள்:
ஙைரே. மார்னி.

என்ன சொன்னாய்?
யார் யார் வந்திருக்கிறோம் என்று.
அவ்வளவுதானா?
ஒருத்திக்கு நீந்தத் தெரியாது, பார்த்துக்கொள் என்றும்.

பாறை எதிரொலிக்கவில்லை. நல்லவேளை.
ஙைரே டியூபைத் தண்ணீரில் தள்ளினாள்.
"ஒன்பது வருடமாக ஒரே தையல்,
எந்த டாக்டரும் பிரிக்கவே மாட்டானா?"

ஏறினேன். ஏறினேன் என்று சொல்வது மரியாதைக்கு,
உண்மையில் விழுந்தேன்.
ரப்பர் நாற்றம். முதுகில் வால்வு கீறியது.
கயிற்றின் மறுமுனையை இடுப்பில் கட்டி
ஙைரே முன்னால் நீந்த
நான் தட்டாமாலை சுற்றிக்கொண்டு பின்னால்.
சுவர்கள் நெருங்கின.
இரண்டு கையையும் நீட்டினால் இரண்டு பக்கமும் பாறை,
ஐஸ் போல.
எவ்வளவு ஆழம் என்று கேட்க வாய் திறந்தேன்.
மூடிக்கொண்டேன்.

உள்ளே இன்னொரு மடு.
கயிறு தடிமனில் ஓர் அருவி, பெரணி,
பிறகு காலுக்கு எட்டும் ஒரு திட்டு.
இறங்கி நின்றேன். மார்பளவு.
பற்கள் தந்தியடித்தன.
யாரும் கைதட்டவில்லை.
டெனெல் மல்லாந்து மிதந்தாள், கண்களை மூடி.
ஙைரே எஞ்சிய பூட்ஸைக் கழற்றி
அதில் தண்ணீர் மொண்டு என் தலையில் ஊற்றினாள்.
நான் அதை அளக்கவில்லை.

திங்கள் இரவு மறுபடி குழி.
புழுதி அடக்கும் லாரி பாதையை நனைத்துப் போனது,
விளக்கொளியில் சேறு மினுங்கியது.
சீட்டில் சாய்ந்தால் வால்வுக் கீறல் எரிந்தது.
ரேடியோவில் வெடிக்குழு அலைவரிசை,
டெனெலின் குரல், வெகு கண்டிப்பாக:
"எழுபத்தி மூன்றாம் லாரி, தையல் பிரித்தாயிற்றா?"

ஒன்று பிரித்தாயிற்று என்றேன்.
மீதி அடுத்த விடுப்பில்.